முன்னெழுத்து மட்டும்

மார்ச் 4, செவ்வாய்

இந்த டைரி புது வருடத்துக்கு மருந்துக் கடையில் கொடுத்தது. இரண்டு மாதமாகப் பாத்திர ஸ்டாண்டின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன். இன்று எடுத்துவிட்டேன். ஸ்டாண்டு ஆடுகிறது. ஆடட்டும். நடந்ததைச் சொல்ல எனக்கும் ஓர் இடம் வேண்டும்.

ரெஜினா மேடம் அறைக்குக் கூப்பிட்டார். 'துள்ளல்' அவருடையது. குழந்தைகளுக்கு நீச்சல், ஓவியம், நாடகம் சொல்லித்தரும் மையம். தலைமையிடம் இங்கே திருச்சி தில்லை நகரில். தஞ்சாவூர், கரூர், திண்டுக்கல்லில் கிளைகள்.

"பூங்கோதை, இந்த வருஷம் சம்மர் கேம்ப்புக்கு நீங்க உக்காந்து டைப் அடிச்சுக்கிட்டு இருக்க வேணாம். வெப்சைட்டையும் கான்டாக்ட் சாஃப்ட்வேரையும் இணைச்சு விட்ருங்க."

இரண்டு வயரை முறுக்கி டேப் ஒட்டச் சொல்வது போலச் சொன்னார். பெற்றோர் எங்கள் இணையதளத்தில் படிவம் நிரப்புவார்கள். அது மெயிலில் வரும். அதைப் பார்த்துப் பெயர், போன், குழந்தையின் விவரம் எல்லாவற்றையும் தொடர்பு மென்பொருளில் தட்டுவது என் வேலை. முன்பு எல்லா ஊருக்கும் நானே தட்டினேன். கிளைகள் பெருகிய பிறகு அந்தந்த ஊரில் தட்டிக்கொள்கிறார்கள். எனக்குத் திருச்சி மட்டும்.

'இணை' என்ற பொத்தானை அழுத்தினேன். சிவப்புப் பெட்டி வந்தது. 'இந்தச் செயலுக்கு உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.' அதற்குக் கீழே ஒரே ஒரு பொத்தான்: 'சரி'. வேறு பதில் சொல்ல வழியே வைக்கவில்லை. சரி என்றேன்.

இரவுக்கு ரசம். அரிசி வழக்கம் போலக் கூடுதலாகப் போட்டுவிட்டேன். ஒருத்திக்கு எவ்வளவு அரிசி என்று கைக்கு இன்னும் பழகவில்லை.

மார்ச் 6, வியாழன்

மென்பொருள் கம்பெனியில் உதவிக்கு ஷாகுல் என்பவரைக் கொடுத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்து போனில் பேசுகிறார். பொறுமைசாலி.

"மேடம், இதுல ஒரு விஷயம் இருக்கு. நீங்க யாரோட லாகின்ல இணைக்கிறீங்களோ, வெப்சைட் அவங்க கண்ணாலதான் பாக்கும். அவங்களுக்குத் தெரியாதது அதுக்கும் தெரியாது."

"எனக்கு என்ன தெரியும்?"

"திருச்சி பேரன்ட்ஸ் முழுசாத் தெரியும். மத்த ஊர்னா பேர், ஊர், மெயில் ஐடி. போன் நம்பரும் குழந்தை விவரமும் அந்தந்தக் கிளைக்குத்தான். இணைக்கணும்னா நிர்வாகி அனுமதி வேணும். ஆனா உங்க லாகின்ல பண்ணாதீங்க. 'இணையதளம்'னு ஆளே இல்லாம ஒரு யூசர் போடச் சொல்லுங்க. யார் வந்தாலும் போனாலும் அது பாட்டுக்கு ஓடும்."

மேடத்திடம் சொன்னேன். கம்ப்யூட்டரை விட்டுத் தலை தூக்கவில்லை.

"இல்லாத ஆளுக்கு எதுக்குத் தண்டமா காசு? நீங்க இருக்கீங்கல்ல. நீங்க எங்க போகப் போறீங்க?"

உண்மைதான். நான் எங்கே போகப் போகிறேன்?

மார்ச் 9, ஞாயிறு

துணி துவைத்தேன். மிக்சி ஜாடியின் வாஷரை மாற்றினேன். பிற்பகல் முழுவதும் கீழ்வீட்டுக்காரர்களின் டிவி. உறையூரில் மாடிப் போர்ஷனுக்குக் குடிவந்ததில் இது ஒரு வசதி, அவர்கள் பார்க்கிற சீரியலை நான் வசனமாகக் கேட்டுக்கொள்ளலாம். மருமகள் இன்றும் வீட்டை விட்டுப் போகிறேன் என்றாள். போகவில்லை.

வங்கியிலிருந்து மறுபடி ஒரு குறுஞ்செய்தி. என் கணக்குக்கு வாரிசுதாரர் பெயரைப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். இப்போது இருக்கும் பெயர் செல்லாது. அதை நானும் அறிவேன். அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதுவது என்று வங்கி சொல்லவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இணைப்பதற்கு முன் பட்டியலில் ஒரே ஆள் இரண்டு முறை இருக்கிறாரா என்று பார்க்கச் சொல்லியிருந்தார் ஷாகுல். திருச்சியைப் பார்த்தேன். பிறகு கரூரைப் பார்த்தேன். தஞ்சாவூருக்கும் திண்டுக்கல்லுக்கும் நேரமில்லை.

த. சுகந்தி, கரூர். கோடை முகாம். பிப்ரவரியில் பதிந்திருக்கிறாள்.

சுகந்தி என்ற பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் அந்த மெயில் முகவரி ஒருத்தியுடையதுதான். என் தம்பி ஞானவேல் கல்யாணம் ஆன வாரத்தில் உட்கார்ந்து உருவாக்கியது. ஞானம் என்பதையும் சுகந்தி என்பதையும் ஒட்டி எழுதினான். நடுவில் ஒரு புள்ளி வையேன்டா, படிக்க வசதியாக இருக்கும் என்றேன். "நடுவுல எதுவும் வரக் கூடாதுக்கா" என்றான். நாலு வருடம் முன்பு, மழைநாளில் பைக்கில் வீடு திரும்பும்போது லாரி வந்தது.

சுகந்தியின் பெயருக்கு முன்னால் அவள் அப்பாவின் எழுத்து போய் 'ஞா' வந்தது. இப்போது 'த'. தனசேகர். கரூரில் ஜவுளிக் கடை. அதில் எனக்கு வருத்தமே இல்லை. இந்த வயதில் போட்டோவுக்குப் பூச் சாத்திக்கொண்டு ஏன் உட்கார வேண்டும் என்று அவளிடம் சண்டை போட்டுச் சம்மதிக்க வைத்தவளே நான்தான்.

அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி. 'குழந்தை: மறைக்கப்பட்டது.'

ஆதிரைக்கு இப்போது ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவள் நோட்டு அட்டையில் பெயருக்கு முன்னால் என்ன எழுதுகிறார்கள்? ஞா-வா? த-வா? எனக்கு வேறு எதுவும் தெரிய வேண்டாம். போன் நம்பர் வேண்டாம், வீட்டு முகவரி வேண்டாம். அந்த ஓர் எழுத்து மட்டும். ஞானம் இருந்தான் என்பதற்கு அதைத் தவிர வேறு என்ன மிச்சம் இருக்கிறது?

கரூரில் நீச்சல் சொல்லித்தர வேறு இடம் இருக்காது. அதனால்தான் துள்ளலில் சேர்த்திருப்பாள்.

மார்ச் 12, புதன்

கரூர்ப் பட்டியலில் இன்று புதிதாக ஒன்றும் இல்லை. வேலைக்காகத்தான் பார்த்தேன்.

மார்ச் 14, வெள்ளி

மேடம் எனக்கு நிர்வாகி அனுமதி கொடுத்துவிட்டார். முகாம் வேலை முடியும் வரைக்கும்.

"பிள்ளைங்க விவரம் பூங்கோதை. யாரு கூட்டிட்டுப் போவாங்க, என்ன மருந்து சாப்பிடுது, எல்லாம் அதுல இருக்கு. பாக்க வேண்டியதை மட்டும் பாருங்க."

"சரி மேடம்."

அனுமதி வந்ததும் திரை மாறிவிட்டது. 'மறைக்கப்பட்டது' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கண் படம் ஒன்று முளைத்திருக்கிறது. அதன் மேல் அம்புக்குறியை வைத்தால் 'காட்டு' என்கிறது.

வைத்துப் பார்த்தேன். அழுத்தவில்லை. யார் எதைத் திறந்தார்கள் என்று மென்பொருள் குறித்து வைக்கும், அதனால்தான்.

மார்ச் 16, ஞாயிறு

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதாமல் தூக்கம் வராது.

இரண்டு வருடம் முன்பு வயலூர்க் கோயிலில் சுகந்திக்கு மறுகல்யாணம். ஞானத்தின் கல்யாணத்தில் மூன்றாவது முடிச்சு நான் போட்டது, நாத்தனார் முடிச்சு. இந்த முறை தனசேகரின் தங்கை போட்டாள். இறுக்கிப் போடத் தெரியவில்லை அந்தப் பெண்ணுக்கு.

சாப்பிட்டுக் கை கழுவும் இடத்தில் தனசேகரின் அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார்.

"நீங்க பெரிய மனசுக்காரங்க. உங்களைக் குத்தம் சொல்லல. ஆனா புள்ள புது வீட்ல ஒட்டணும்ல? நீங்க வந்து போயிட்டு இருந்தா அதுக்குப் பழைய ஞாபகமா வரும். கொஞ்ச நாள் வராம இருங்க."

சரி என்றேன். அங்கேயும் எனக்கு ஒரே பொத்தான்தான் இருந்தது. கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று கேட்டிருக்கலாம். ஈரக் கையோடு நின்றவளுக்கு அது தோன்றவில்லை. போனும் செய்யவில்லை. சுகந்தியும் செய்யவில்லை. நன்றாக இருக்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். நன்றாக இருக்கிறவர்கள் எதற்குப் போன் செய்ய வேண்டும்?

தனசேகரின் மனைவிக்கு நான் யார்? நாத்தனார் இல்லை, அண்ணி இல்லை. இதற்கு ஒரு சொல் இருந்தால் போனை எடுத்து அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பேன்.

மார்ச் 19, புதன்

இணைப்பு வந்துவிட்டது. சோதித்துப் பார்க்க வேண்டும். நானே ஒரு பெற்றோராக நடித்துப் படிவம் நிரப்பினேன்.

பெற்றோர் பெயர்: பூங்கோதை. குழந்தை பெயர்: சோதனை. முன்னெழுத்து போடவில்லை. இல்லாத குழந்தைக்கு எந்த அப்பாவைத் தேடுவது? வயது ஏழு என்று போட்டேன். விருப்பம்: நீச்சல். குழந்தைக்கு நீங்கள் என்ன உறவு என்ற இடத்தில் அம்மா, அப்பா, பாதுகாவலர் என்று மூன்றுதான் இருந்தன. மூன்றும் எனக்குப் பொருந்தவில்லை. நிர்வாகி அனுமதி இருக்கிறதே என்று நாலாவதாக 'அத்தை' என்று ஒன்றைச் சேர்த்தேன். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும்.

அனுப்பிய மறுநொடி என் மெயிலுக்குப் பதில் வந்தது. 'அன்புள்ள பூங்கோதை, உங்கள் குழந்தை சோதனைக்குக் கோடை முகாமில் இடம் உறுதி. நீச்சல் உடையும் துண்டும் கொடுத்து அனுப்புங்கள்.' கீழே, 'அன்புடன், ம. பூங்கோதை'. என் லாகினில் ஓடுவதால் எல்லா மெயிலிலும் கையெழுத்து என் பெயரில்தான் விழுமாம்.

எனக்கு நானே எழுதிய மெயில். இரண்டு முறை படித்தேன். நீச்சல் உடை வாங்க வேண்டும் என்று ஒரு கணம் நினைத்தேன், வெட்கக்கேடு.

மார்ச் 22, சனி

சோதனைக்கு இன்றும் இரண்டு மெயில் அனுப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. தேவையில்லைதான்.

மார்ச் 25, செவ்வாய்

காலையில் மேடம் பச்சைக்கொடி காட்டினார். பிப்ரவரியிலிருந்து நாலு ஊரிலும் பதிந்த எல்லாப் பெற்றோருக்கும் மெயில் போகட்டும் என்று அழுத்தினேன். டீ குடித்து முடிப்பதற்குள் போன் அடிக்க ஆரம்பித்தது.

"ஹலோ, துள்ளலா? 'அன்புள்ள கு'ன்னு போட்ருக்கீங்களே, என்னங்க இது? எம் பேரு ராஜமாணிக்கம்."

இன்னொரு அம்மா: "எம் பையனுக்கு 'வெ'ன்னு பேரு வச்ச மாதிரி எழுதியிருக்கீங்க. 'உங்கள் குழந்தை வெ-க்கு இடம் உறுதி'. அவன் அழுவுறான், எம் பேரை யாரு மாத்துனான்னு."

திண்டுக்கல்லிலிருந்து ஒருவர் கோபமே படவில்லை, சிரித்தார். "எங்கப்பா எழுத்தை மட்டும் வச்சு என்னை யாரும் கூப்பிட்டதில்லைங்க. அவரு இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு."

ஷாகுலைப் பிடித்தேன்.

"மேடம், அது முதல்ல வர்ற துண்டைத்தான் பேர்னு எடுத்துக்குது. நம்மாளுங்க இனிஷியலை முன்னாடி போடுவாங்க. அதை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை விட்ருச்சு. டெஸ்ட் பண்றப்ப இனிஷியல் போட்டுப் பாக்கலையா?"

"போடல."

"ஏன் மேடம்?"

"குழந்தைக்கு அப்பா யாருன்னு முடிவாகல."

அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆபீசில் நான் சிரித்து ரொம்ப நாளாகிவிட்டது போலிருக்கிறது, மேடம் கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு கூப்பிட்டுத் திட்டினார். அத்தனை பேருக்கும் மன்னிப்பு மெயில் போக வேண்டும் என்றார்.

அதற்காக, போன மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்க்க ஆரம்பித்தேன். திருச்சி, தஞ்சாவூர், திண்டுக்கல். கரூரைக் கடைசியில் வைத்துக்கொண்டேன்.

'அன்புள்ள த, உங்கள் குழந்தை ஞா-வுக்குக் கோடை முகாமில் இடம் உறுதி.'

மார்ச் 26, புதன்

ஞா.

நான் எதையும் திறந்து பார்க்கவில்லை. யாரையும் கேட்கவில்லை. அதுவாக என் கண் முன்னால் வந்தது. நேற்று ஆபீஸ் பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான் அழுதேன். பாதி சந்தோஷம். அந்த எழுத்து அங்கே அவளோடு இருக்கிறது, நான் இங்கே இருக்கிறேன்.

மார்ச் 27, வியாழன்

ஷாகுல் சொன்னபடி பெயர்க் கட்டங்களை மாற்றி இணைத்தேன். மன்னிப்பு மெயில் போயிற்று, இந்த முறை முழுப் பெயரோடு. வேலை முடிந்தது என்று மேடம் என் நிர்வாகி அனுமதியை எடுத்துவிட்டார். கண் படம் போய்விட்டது. 'மறைக்கப்பட்டது' பழையபடி தனியாக நிற்கிறது.

உறவுப் பட்டியலில் 'அத்தை'யை எடுக்க மறந்துவிட்டேன். இனி எடுக்க எனக்கு அனுமதி இல்லை.

மார்ச் 31, திங்கள்

மூன்று நாளாக இணையதளத்திலிருந்து ஒரு பதிவும் வரவில்லை என்று கரூரும் தஞ்சாவூரும் கத்துகின்றன. என் அனுமதியை எடுத்ததும் இணையதளத்தின் கண்ணும் போய்விட்டது. இதைத்தான் ஷாகுல் முதல் நாளே சொன்னார். மேடம் முணுமுணுத்துக்கொண்டே 'இணையதளம்' என்ற இல்லாத ஆளுக்குக் காசு கட்டினார். இனி மெயில்களில் அந்த ஆளின் பெயர்தான் விழும். ஏற்கெனவே போன மெயில்களில் மட்டும் என் பெயர் இருக்கும்.

சாயங்காலம் கிளம்புகிற நேரத்தில் திரையின் ஓரத்தில் ஒரு வரி பார்த்தேன். 'த. சுகந்தி உங்கள் மார்ச் 25 மெயிலுக்குப் பதில் அனுப்பியுள்ளார்.' அழுத்தினேன்.

'இந்தத் தொடர்பைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்.'

ஏப்ரல் 1, செவ்வாய்

பெயர்த் தவறைப் பற்றித்தான் எழுதியிருப்பாள். எல்லாரும் எழுதினார்கள். கேட்க ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2, புதன்

எண்ணெய் தீர்ந்துவிட்டது, தோசைக்கு நெய் ஊற்றினேன். கீழ்வீட்டு மருமகள் இன்றைக்கு நிஜமாகவே வீட்டை விட்டுப் போய்விட்டாள். சீரியலில்.

மேடத்திடம் எப்படிக் கேட்பது? பார்க்க வேண்டும் என்றால் ஏன் என்பார். ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கிறேன். தம்பி இறந்தபோது ஊரில் ஒரு சாவு என்று லீவு எழுதினேன். யாருடைய சாவு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது முதலிலிருந்து சொல்ல வேண்டும்.

ஏப்ரல் 3, வியாழன்

கேட்டுவிட்டேன்.

"மேடம், கரூர்ல ஒரு பேரன்ட் எனக்குப் பதில் போட்டிருக்காங்க. நான் பாக்கணும்."

"கரூர்ல பாத்துக்குவாங்க பூங்கோதை. உங்களுக்கு எதுக்கு?"

"அது என் தம்பி பொண்டாட்டி."

மேடம் நிமிர்ந்தார். "உங்களுக்குத் தம்பி இருக்காரா?"

"இருந்தான்."

நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, வயலூர், கை கழுவும் இடம், ஞா. என் குரல் எனக்கே புதிதாகக் கேட்டது. மேடம் நடுவில் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காருங்க என்று சொல்லக்கூட இல்லை, தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நிர்வாகி அனுமதி கையில இருந்தப்பவும் நீங்க திறந்து பாக்கலையா?"

"நீங்க குடுத்த அனுமதி வேலைக்கு மேடம். இது வேலை இல்லையே."

மேடம், "அனுப்புனவங்க உங்களுக்குத்தான் எழுதியிருக்காங்க, அதை உங்ககிட்ட காட்ட நான் யாரைக் கேக்கணும்?" என்று திரையை என் பக்கம் திருப்பிவிட்டு வெளியே போனார். கதவையும் சாத்திவிட்டுப் போனார்.

அந்தப் பதிலை அப்படியே எழுதி வைக்கிறேன்.

'என் மகள் பெயர் ஞா இல்லை. ஞா. ஆதிரை. திருத்திக்கொள்ளவும். கீழே ம. பூங்கோதை என்று இருக்கிறது. அது எங்கள் அண்ணியாக இருந்தால் இதையும் படிக்கவும். பிப்ரவரியிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன். ஏன் அண்ணி ஒரு போன்கூட இல்லை? என் நம்பர் மாறவில்லை.'

ஏப்ரல் 5, சனி

நேற்று முழுக்கப் போனைக் கையில் வைத்திருந்து, இன்று காலை அடித்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அண்ணி."

கீழ்வீட்டு டிவி கேட்காத மூலையாகத் தேடிப் போய் நின்றேன்.

"பிப்ரவரிலேருந்துன்னு எழுதியிருந்தியே, ஏன்?" என்றேன்.

"அப்பதான அண்ணி ஃபார்ம் போட்டேன். எங்க தெருமுனையிலேயே ஒரு நீச்சல் கிளாஸ் இருக்கு. அதை விட்டுட்டு ஊரைச் சுத்தி துள்ளலுக்கு எதுக்குப் போட்டேன்னு நெனைக்கிறீங்க? எல்லா ஃபார்மும் நீங்கதான டைப் அடிப்பீங்க. பேரைப் பாத்தா கூப்பிடுவீங்கன்னு நெனைச்சேன். நீங்க கூப்பிடல. அண்ணிக்கு எம்மேல கோவம் இன்னும் போகலன்னு விட்டுட்டேன்."

"எனக்கென்ன கோவம்? இப்பல்லாம் கரூர் எனக்கு வராதும்மா. கரூர்க் குழந்தைங்க பேரு எனக்குத் தெரியாது, மறைச்சு வச்சிருக்காங்க."

"யாரு மறைச்சாங்க?"

அதைப் போனில் விளக்க முடியுமா? அவள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அதனால் கோயிலில் நடந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எங்க மாமியார் இதை எங்கிட்ட சொல்லவே இல்லையே அண்ணி. கொஞ்ச நாள்னா எவ்வளவு நாள்?"

"அவங்க சொல்லல."

"நீங்க கேக்கலையா?"

"கேக்கல."

"நாம ரெண்டு பேரும் நல்லா இருக்கோம் போங்க" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு இனிஷியலைப் பற்றி அவளாகவே சொன்னாள். ஸ்கூலில் சேர்க்கும்போது தனசேகர்தான், "பெத்தவன் எழுத்து இருக்கட்டும், அது எனக்கு எந்த விதத்துல இடைஞ்சல்?" என்றாராம். அந்த மனிதரை நான் கல்யாணத்தன்று சரியாகப் பார்க்கக்கூட இல்லை. முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 9, புதன்

மேடம் தன் கம்ப்யூட்டரிலிருந்து கூப்பிட்டார். "இங்க வாங்க. இந்த 'அத்தை'யை யாரு போட்டது?"

"நான்தான் மேடம். சோதனைக்குப் போட்டேன், எடுக்க மறந்துட்டேன்."

"எடுக்க வேணாம். இதப் பாருங்க."

கரூர் முகாமில் இடம் உறுதியான பிறகு பெற்றோர் நிரப்பும் இரண்டாவது படிவம். ஞா. ஆதிரை. 'குழந்தையை அழைத்துச் செல்ல அனுமதி உள்ளவர்கள்' என்ற இடத்தில் மூன்று பெயர். முதலில் சுகந்தி, அம்மா. அடுத்து தனசேகர், அப்பா. மூன்றாவதாக, ம. பூங்கோதை. உறவு: அத்தை.

நாலு ஊரிலும் சேர்த்து அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்திருப்பது ஒருத்திதான் என்றார் மேடம்.

ஏப்ரல் 13, ஞாயிறு

பாத்திர ஸ்டாண்டுக்கு அட்டையை மடித்து வைத்தேன். வங்கிப் படிவத்தை எடுத்து மேசையில் வைத்திருக்கிறேன். குழந்தையின் பெயரைப் போடலாமா என்று சுகந்தியைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டுத்தான் எழுதுவேன்.

மே 2, வெள்ளி

அரை நாள் லீவு கேட்டேன். மேடம் முழு நாளாகக் கொடுத்தார். கரூர் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு. கடையில் கூட்டம் அதிகம், இன்று நீங்கள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சுகந்தி சொல்லியிருந்தாள். கூட்டமெல்லாம் சாக்குதான், எனக்குத் தெரியாதா?

துள்ளலின் கரூர் வாசலில் பொறுப்பாளர் பெண் என்னை நிறுத்தினாள். நான் யார் என்று தெரியாது அவளுக்கு. போனில் மட்டும் பேசியிருக்கிறோம். அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள், திரையில் பார்த்தாள்.

"குழந்தைக்கு நீங்க என்ன வேணும்?"

"அத்தை" என்றேன்.

கொஞ்ச நேரத்தில் ஆதிரை ஈரத் தலையோடு வந்து நின்றாள். உயரமாகிவிட்டாள். ஞானத்தின் நெற்றி. அவளுக்கு என் முகம் சரியாக நினைவில்லை, அது தெரிந்தது. அம்மா காட்டிய போட்டோவை வைத்து அடையாளம் பார்த்தாள்.

"நீங்கதான் பூங்கோதை அத்தையா?"

"ஆமா."

"உங்க இனிஷியல் என்ன?"

"ம."

யோசித்தாள். "ம எங்க கிளாஸ்லயே நெறையப் பேருக்கு இருக்கு. ஞா எனக்கு மட்டும்தான்."

"தெரியும்" என்றேன்.

ஈரத் துண்டு இருந்த பையைக் கழற்றி, கேட்காமலேயே என் கையில் கொடுத்துவிட்டு முன்னால் நடந்தாள். ஞானமும் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது இப்படித்தான், பையை என்னிடம் கொடுத்துவிட்டு முன்னால் நடப்பான்.